ஓரியூர் அருளானந்தர் திருநாள்

இராமநாதபுர மாவட்டத்துத் திருவாடானை வட்டத்தில், பாம்பாற்றின் கரைக்கண், ஓரியூர் என்னும் சிற்றூர் ஒன்று உளது. திருவாடானை திருஞானசம்பந்தரது பாடல்பெற்ற தலமாதலின் சைவ நன்மக்கள் அவ்வழியை நன்கு அறிவர். கீழ்பாலில் தொண்டிக் கடற்றுறை. சங்கநூல்கள் பெரிதும் புகழும் தொண்டி சேரநாட்டதாதலின், பெயரொற்றுமை கண்டு மயங்குதல் வேண்டா. இவ்விரண்டு பழம்பதிகளுக்கும் அணித்தாயிருந்தும் ஓரியூர் தனக்கென ஒரு பெயர் பெற்றது பெப்ரவரித் திங்கள் 4-ஆம் நாளினால் ஆகும். அன்று அருளானந்தர் திருநாள். தை மாதம் மூன்று வாரங் கடந்து, அறுவடை முடிந்தும் முடியாமலும் இருக்கும் காலம் அது.

வேளாங்கண்ணிப் பெருவிழாவைக் கேள்வியுறாதார் தமிழ்நாட்டில் அரியர். ஓரியூரைப் பற்றிக் கேட்டாலோ, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய பக்கத்தார் ஒழிய ஏனையோர் பலர் அறியோம் என்பர். உரோமைத் திருச்சபையின் உலகப் பொது நாட்காட்டியிலும் இத்திருநாள் இடம் பெறவில்லை. இந்தியாவிலும் போர்த்துக்கல்லிலும் இயேசு சபையாரிடத்துமே இது சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றது.

நம் சங்கத்துக் குடும்பங்களிற் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். ஆதலின் இச்சரித்திரம் நம்மிடையே பேசப்படும்போது இருவகைப் பேச்சு எழுவதை யான் பலகாற் கேட்டிருக்கின்றேன். ஒரு சாரார், கொடுங்கோல் மன்னன் ஒருவன் குற்றமற்ற துறவியை வெட்டுவித்தான் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். மற்றொரு சாரார், கடல்கடந்து வந்த ஒருவர் ஒரு குடும்பத்தைக் கலைத்தார், அதன் பயனை அடைந்தார் என்பர். இருவரும் ஒரு பாதியையே சொல்லுகின்றனர். மறுபாதியையுஞ் சேர்த்துச் சொல்லுதல் கற்றோர் கடனாகும். அது கருதியே இக்கட்டுரை எழுதலாயிற்று.

அருளானந்தரது இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. போர்த்துக்கல் நாட்டுத் தலைநகராகிய லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாளிற் பிறந்தார். தந்தையார் சல்வதோர் தெ பிரிட்டோ பெரைரா என்பவர் உயர்குடியினர். பிரேசில் நாட்டு ரியோ டி ஜனைரோவுக்கு ஆட்சித் தலைவராக அனுப்பப்பட்டு அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். தந்தையை இளமையிலே இழந்த சிறுவன் அரண்மனையிற் சேர்க்கப்பட்டு, இளவரசன் பேதுருவுக்குத் தோழனாய் வளர்ந்தான். ஒருகால் கடுநோய் வந்துற்றது. மருத்துவர் கைவிட்ட நிலையில் தாயார் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். நோய் தீர்ந்தால் மகன் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவான் என்பதே நேர்ச்சை. அவ்வாறே தீர்ந்தது, அவ்வாறே அணிந்தான். நேர்ச்சை என்னும் இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. ஓரியூர்த் திருநாள் முழுவதும் நேர்ச்சையால் ஆனது. அதன் நாயகரது வாழ்க்கையும் ஒரு தாயின் நேர்ச்சையிலேயே தொடங்கியது.

பதினைந்தாம் அகவையில், 1662-ஆம் ஆண்டு டிசம்பரில், அவர் இயேசு சபையிற் புகுந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்றுக் கோவை வந்தடைந்தார். இங்குக் கோவை என்றது போர்த்துக்கீசியர் ஆண்ட கோவா நகரை. கொங்கு நாட்டுக் கோவையை அன்று. மறு ஆண்டிலே மதுரை மிஷன் எனப்பட்ட தமிழ்நாட்டுப் பணிக்கு வந்து சேர்ந்தார்.

அருளானந்தர் என்னும் பெயரைக் குறித்து ஒரு சொல். எபிரேய மொழியில் யோகனான் என்பதற்கு இறைவன் அருளுடையன் என்பது பொருள். அதுவே கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளின் வழித் திரிந்து ஜான் என்றும் ஜுவாவ் என்றும் ஆயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்று வழங்குவதும் இப்பொருள் பற்றியே. அந்த அருளோடு ஆனந்தத்தைக் கூட்டிச் சைவத் துறவியர் பெயர்போல் அமைந்தது இப்பெயர். பிறமொழிப் பெயரை ஒலி பெயர்த்து நாவைத் துன்புறுத்தாமல், பொருள் பெயர்த்துத் தமிழாக்கிய அக்காலத்தாரது திறம் பாராட்டத்தக்கது. பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் இதே மதுரை மிஷனுக்கு வந்து வீரமாமுனிவராய்த் தமிழ் உலகில் நிலைபெற்ற பெஸ்கியாரும் இம்மரபில் வந்தவரே.

பெயரன்றி உடையும் உணவும் மாறின. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராகிய ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியர் கோலத்தை மேற்கொண்டார். அக்கோலத்தில் இருப்போர் மற்றை வகுப்பாரோடு தாராளமாகப் பழகுதல் இயலாமையின், 1640-ஐ ஒட்டிய காலத்திற் பண்டாரசாமிகள் என்னும் மற்றொரு வரிசை ஏற்பட்டது. பண்டாரம் என்பது சைவ மரபில் வேளாளர் முதலிய வகுப்பினின்று வந்த துறவியைக் குறிக்கும் சொல். அருளானந்தர் பண்டாரசாமியானார். காவி உடுத்தார், தலைப்பாகை தரித்தார், கைக்கோல் ஏந்தினார், ஊன் உண்ணாது சோறும் காய்கறியுமே உண்டார். ஒரே சபையைச் சேர்ந்து ஒரே குருப்பட்டம் பெற்றவர்களாயினும், பிராமண சந்நியாசியர் பண்டாரசாமிகளோடு ஒரு பந்தியில் இருந்து உண்ணுதல் இல்லை. சாதி வழக்கம் அக்காலத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுவதின்று.

செஞ்சி, தஞ்சைப் பகுதிகளிற் பல ஆண்டு உழைத்த பின்னர் 1686-இல் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். சின்னாட்களிற் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் மங்கலம் என்னும் ஊர்ப்பக்கத்தில் அவரும் அவரோடிருந்த உபதேசியார் முதலானோரும் பிடிபட்டுப் பலவாறு துன்புறுத்தப்பட்டனர். இறுதியில் இராமநாதபுரத்தில் சேதுபதியின் முன் நிறுத்தப்பட்டபோது மன்னர் அவர் சொல்வதைக் கேட்டார். கேட்டு விடுதலை செய்தார். தம் சீமையில் இனிப் போதித்தல் ஆகாது, மீறின் உயிர்த்தண்டம் என்று மட்டும் கட்டளையிட்டார். கொடுங்கோலன் என்று ஒரு சொல்லில் முடிப்பார் இந்நிகழ்ச்சியைச் சொல்லாது விடுவர். கையில் அகப்பட்டவரை வெட்டுவதற்குத் தடை ஒன்றும் இல்லாதிருந்த அந்நாளில், மன்னர் அவரை விடுவித்ததும் சரித்திரமே.

அம்மன்னர் யார்? இரகுநாத கிழவன் சேதுபதி. கிழவன் என்றதும் முதுமை எய்தியவர் என்று கொள்ளற்க. கிழமையுடையோன், உரியோன், தலைவன் என்பதே பண்டைப் பொருள். தொல்காப்பியங் கற்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். 1670-களிற் பட்டமெய்தி 1710 வரை ஆண்டவர். போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டையெடுத்தவர். மதுரை நாயக்கருக்கு அடங்கியவராகப் பெயரளவில் இருந்து, 1702-இல் இராணி மங்கம்மாளின் படையை முறியடித்துத் தனியரசு நிலையை எய்தியவர். சேதுபதிகளில் இவரையொத்த ஆற்றலர் சிலரே. அத்தகைய ஒருவர் 1693-இல் எவ்வாறு அஞ்சினார், எதற்கு அஞ்சினார் என்பதே நாம் காணவேண்டுவது.

1687-இல் அருளானந்தரை மேலோர் ஐரோப்பாவுக்கு அனுப்பினர், மதுரை மிஷனின் நிலையை எடுத்துரைப்பதற்காக. மறு ஆண்டு லிஸ்பன் சேர்ந்தார். இளமைத் தோழனாகிய பேதுரு அப்பொழுது போர்த்துக்கல் மன்னன். அங்கேயே தங்குமாறும், தன் மகனுக்கு ஆசிரியராய் இருக்குமாறும் அவன் வேண்டினான். அரண்மனைக் காவிநிறப் பண்டாரத்தை லிஸ்பன் மாந்தர் வியந்து நோக்கியிருப்பர். அவர் தங்கவில்லை. 1690-இற் புறப்பட்டு மீண்டும் கோவா வந்து, 1691-இல் மறவர் சீமையின் எல்லையை அடைந்தார். தடையுத்தரவு நீங்கவில்லை என்பதை அவர் அறிவார்.

இனித் தடியத் தேவர் வரலாறு. இவர் மறவர் சீமையின் ஆளுங்குடியிற் பிறந்தவர். பட்டத்திற்குச் சேதுபதியினும் இவர்க்கே உரிமை மிகுதி என்று கருதுவாரும் அக்காலத்து இருந்தனர். இவர் கொடிய நோயுற்று மருந்துகள் பயன்படாத நிலையில், ஓர் உபதேசியார் வந்து செபித்துச் சுவிசேஷம் வாசித்தார். நோய் நீங்கிற்று. தேவர் ஞானஸ்நானம் வேண்டினார். அருளானந்தர் ஒரு தடை கூறினார்: மனைவியர் பலருள் முதல் மனைவி ஒருத்தியையே மனைவியாகக் கொள்ளல் வேண்டும். தேவர் இசைந்தார். மற்றையோரை அழைத்து, அவர்தம் வாழ்வுக்கு வேண்டுவன அனைத்தும் குறைவறச் செய்வதாகவும், ஆயினும் இனி மனைவியராகக் கொள்வதில்லை என்றும் கூறினார். 1693 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நிகழ்ந்தது.

நீக்கப்பட்டவருள் இளையவர் கடலாயி என்பார் சேதுபதியின் உடன்பிறந்தார் வழிப் பெண். அவர் அரசரிடம் சென்று முறையிட்டார். இவரைத் தீயவராகச் சித்திரித்துக் கதை சொல்வார் பலர். யான் அதற்கு இசையேன். மணஞ்செய்து கொண்டுவரப்பட்ட ஒரு பெண், தான் செய்த குற்றம் ஒன்றும் இன்றி, ஒரு நாள் காலையில் மனைவியல்லள் ஆக்கப்படுகின்றாள். சோறும் சீலையும் குறையாது என்ற வாக்குறுதி அவளுக்கு என்ன ஆறுதல் தரும்? அக்காலத்து வழக்கின்படி அவளுக்கு வேறு புகலிடம் எது? தன் மாமனாகிய அரசரிடம் போனதில் வியப்பொன்றும் இல்லை. அருளானந்தர் தம் திருச்சபை விதிப்படி வேறு கூறியிருத்தல் இயலாது என்பதும் உண்மை. அப்பெண்ணின் கண்ணீரும் உண்மை. இரண்டையும் ஒருங்கே சொல்லாதவன் இவ்வரலாற்றை முழுமையாகச் சொன்னவன் ஆகான்.

சேதுபதியின் நிலையை நோக்குவோம். பட்டத்துக்குப் போட்டியாகக் கருதப்படும் ஒருவருக்குத் தம் இனத்துப் பெண்ணைக் கொடுத்தது வெறும் மணவினையன்று; அஃது ஓர் உடன்படிக்கை. மறவர் சீமையில் அரசியல் என்பது மணவுறவுகளால் நெய்யப்பட்ட துணி. ஓரிழையை அறுத்தால் துணி முழுவதும் குலையும். தடியத் தேவர் அவ்விழையை அறுத்தார். அறுத்ததோடு அமையாது, நாளுக்கு நாள் பெருகும் ஒரு புதுக்கூட்டத்தோடு தம்மைச் சேர்த்துக்கொண்டார். நாளை அக்கூட்டம் அவரைத் தலைவராகக் கொள்ளாது என்பதற்கு உறுதி என்ன? மன்னர் தடியத் தேவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். ஆதலின் பழி முழுவதும் பண்டாரசாமியின்மேல் விழுந்தது. தடையுத்தரவை மீறியவர் என்னும் குற்றமும் கையில் ஆயத்தமாக இருந்தது. சமயப்பகை இதில் இல்லவே இல்லை என்று யான் கூறவில்லை. பகைமூட்டினாரும் அரசவையில் இருந்தனர். எனினும் 1686-இல் விடுவித்த அதே மன்னர் 1693-இல் விடுவியாமைக்குக் காரணம் தேடுவார்க்கு, இடையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இம்மணமுறிவு ஒன்றே என்பது புலனாகும்.

ஜனவரி 8-ஆம் நாள் அருளானந்தர் பிடிக்கப்பட்டு இராமநாதபுரம் கொண்டுவரப்பட்டார். தலைநகரில் வெட்டினால் கலகம் நேரும் என்று எண்ணிய அரசர், ஓரியூருக்கு நாடுகடத்துவதாக வெளிப்படையாகக் கூறி, அங்கே அதிகாரத்தில் இருந்த தம் தம்பி உடையத் தேவருக்கு இரகசியக் கட்டளை ஒன்றை அனுப்பினார். உடையத் தேவர் பெருநோயால் வருந்தியவர் என்றும், தம் நோயைத் தீர்க்கும்படி இத்துறவியை வேண்டினார் என்றும் கூறுவர். மாதக் கடைசி நாளில் அருளானந்தர் ஓரியூர் சேர்ந்தார்.

பெப்ரவரி 3-ஆம் நாள் சிறையில் இருந்தபடியே தம் மேலோர்க்கும் தோழர்க்கும் மடல் எழுதினார். எழுதுகோலும் மையும் இல்லை. கரியைக் கொண்டு எழுதினார். மறுநாட் காலையில் ஆற்றை அடுத்த மேட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தலை துணிக்கப்பட்டார். பின்னர்க் கைகளும் கால்களும் துணிக்கப்பட்டு, உடல் கம்பத்தில் கட்டிவைக்கப்பட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் 25 நாள் இருந்தன.

அன்று விபூதிப் புதன்கிழமை. இதனை ஐயுறுவார் கணக்கிட்டுப் பார்க்கலாம். அவ்வாண்டு பாஸ்குத் திருநாள் மார்ச்சு 22-இல் வந்தது. அதனின் முற்பட்டு அத்திருநாள் எவ்வாண்டும் வருவதில்லை. அதற்கு 46 நாள் முன்னர் எண்ணினால் பெப்ரவரி 4. இத்தகைய பொருத்தம் ஒரு நூற்றாண்டில் ஒரு முறை அமைவதும் அரிது. நெற்றியிற் சாம்பல் பூசி, மண்ணாய் இருக்கிறாய் என்பதை மனிதனுக்கு நினைவூட்டும் நாளில், அவர் குருதி ஓரியூர் மண்ணிற் கலந்தது. பிற்காலத்து அடியார் அம்மண்ணையே எடுத்துப் பூசிக்கொள்ளலாயினர்.

இம்மண்ணே ஓரியூர்த் திருநாளின் நடுநாயகம். தலை துணிக்கப்பட்ட இடம் என்று காட்டப்படும் மேட்டின் மணல் சிவந்த நிறமுடையது. அருளானந்தரது குருதி தோய்ந்து சிவந்தது என்பர் அடியார். இரும்புச் சத்து மிக்க மண் இயல்பாகவே சிவந்திருக்கும் என்பர் நிலநூலார். நம்புவோர்க்கும் ஆராய்வோர்க்கும் இதில் வழக்கு வேண்டுவதில்லை. மண் எக்காரணத்தாற் சிவந்ததாயினும், மக்கள் அதனைக் கையில் எடுக்கும்போது நினைப்பது ஒருவரையே. செம்மண் புனிதர் என்னும் பெயரும் அதுபற்றியே வழங்குகின்றது. வருவோர் ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவர். நோயுற்றவர் உடம்பிற் பூசுவர். நீரிற் கரைத்துச் சிறிது பருகுவாரும் உளர். மகப்பேறு இல்லாதார் அதனை இல்லத்திற் போற்றி வைத்திருப்பர். கொண்டுபோகின்றவரில் இந்துக்கள் கிறிஸ்தவருக்குக் குறைந்தவர் அல்லர்.

தமிழ்நாட்டுப் பிற கத்தோலிக்கத் திருப்பதிகளிற் போலவே கொடியேற்றமும் நவநாட் செபமும் பூசையும் தேர்ப்பவனியும் ஓரியூரிலும் உண்டு. அவற்றை விரித்தல் வேண்டா. ஓரியூருக்குச் சிறப்பாயுள்ளவை நேர்ச்சைகள். பிள்ளைகளுக்கு முடியிறக்குவர். மகப்பேறு வேண்டியும் பெற்ற மகிழ்ச்சியிலும் தென்னங்கன்று கொணர்ந்து வைப்பர். இவை பிற இடங்களிலும் காணத்தக்கன. கடா நேர்தலே புதியார் கண்ணை இழுப்பது. நேர்ந்துவிட்ட ஆட்டுக்கடாவை வீட்டில் வளர்த்து, மாலையிட்டு, சுற்றத்தோடு ஓரியூருக்கு ஓட்டிவந்து, செம்மண் நிலத்துக்கு அணித்தாக வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, வந்தவர்க்கெல்லாம் சோறிடுவர். இச்சோற்றுக்கு அசனம் என்று பெயர். இது கோயிற் பூசையைச் சேர்ந்ததன்று. குருமார் நடத்துவதும் அன்று. குடும்பத்தார் தாமே செய்து தாமே நிறைவேற்றுவது.

ஊன் உண்ணாது வாழ்ந்த பண்டாரசாமிக்குக் கடாவெட்டா என்று நகைப்பாருண்டு. நகைப்புக்கு இடம் உண்டு என்பதை யானும் ஒப்புகின்றேன். ஆயினும் தமிழ் மரபு அறிந்தார்க்கு இது விளங்காத புதிர் அன்று. படைக்கலத்தால் உயிர் துறந்தவனை மறவாமைக்காகக் கல் நடுதலும், அக்கல்லை நீர்ப்படுத்தலும், படையல் இட்டு வாழ்த்துதலும் இந்நாட்டிற் பழமையான ஒழுக்கம். தொல்காப்பியர் அதன் துறைகளை முறைப்பட ஓதினார். கரந்தைப் பூவும் வெட்சிப் பூவும் போயின, ஒழுக்கம் போகவில்லை. கையும் காலும் துணிக்கப்பட்டு மாண்ட மதுரை வீரன், தண்டித்த நகரிலேயே காவல் தெய்வமானான் என்று கதை சொல்லும் நாடு இது. அந்நாட்டு மக்கள், கையும் காலும் துணிக்கப்பட்ட ஒரு துறவிக்குத் தம் வழக்கப்படி எதைச் செய்வர்? தாம் அறிந்ததைச் செய்தனர். திருச்சபையார் அவரை வேதசாட்சி என்கின்றனர். நாட்டுமக்களோ அதற்கும் முற்பட்டதொரு மொழியில் அவரை வீரர் என்று கொண்டனர். அவரை வெட்டிய நாட்டு மறவர் மரபினரும் பலராய் இன்று அவர்க்குக் கடா நேர்கின்றனர். இதனை முரண் என்பார் என்க. எனக்கு அது முரணாகத் தோன்றவில்லை.

அசனச் சோற்றைக் குறித்தும் ஒன்று சொல்லவேண்டும். பல சாதியாரும் இரு சமயத்தாரும் ஓரிடத்துக் கூடி உண்ணுகின்றனர் என்று இதனைப் புகழ்ந்து எழுதுவது வழக்கம். புகழ்ச்சி பொய்யன்று. ஊரில் ஒருவர் வாசலை மற்றவர் மிதியாதிருந்த காலத்திலும், ஓரியூர் மணலில் ஒரே வெயிலில் ஒரே நேர்ச்சைக்கு நின்றனர். எனினும் அடுப்புகள் குடும்பத்துக்குக் குடும்பம், வகுப்புக்கு வகுப்பு தனித்தனி மூட்டப்பட்டதும், யார் சமைத்ததை யார் வாங்கி உண்பது என்பதில் தயக்கம் இருந்ததும் உண்மையே. வந்து கூடுதல் எளிது, கலந்து உண்ணுதல் அரிது. சங்கப் பத்திரிகையில் இதனை எழுதுவது சிலர்க்கு உவப்பாயிராது. ஆயினும் திருநாட் கூட்டத்தைக் கண்டு சாதி நீங்கிற்று என்று நாமே நம்மை மெச்சிக்கொள்வதினும், எவ்வளவு நீங்கிற்று என்று அளந்து பார்ப்பது நன்று.

சாதியும் கோலமும் பற்றிய இவ்வினா ஓரியூரோடு நில்லாது உரோமை வரை சென்றது. அருளானந்தரைப் பாக்கியவான் என்று அறிவிக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் அவர் இறந்த பின் எழுந்தபோது, ஒரு பெருந்தடை முன்வந்தது. காவியும் பூசிய சந்தனமும் சாதிவழக்கத்துக்கு இணங்கிய நடையும் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வுமா என்னும் வழக்கு அது. 1704-இற் பாப்பரசரின் தூதர் தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் இவ்வழக்கங்களிற் பலவற்றைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். கண்டிக்கப்பட்ட வழக்கங்களோடு வாழ்ந்த ஒருவரைப் புனிதர் வரிசையில் வைப்பது எங்ஙனம்? பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1741-இல் அத்தடை அருளானந்தர்க்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். அவரே 1744-இல் அவ்வழக்கங்களைப் பற்றிய தடைகளை உறுதிப்படுத்தவும் செய்தார். வழக்கம் விலக்கப்பட்டது, வழக்கத்தில் வாழ்ந்தவர் விலக்கப்படவில்லை. இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், அப்பாப்பரசரது நுண்ணறிவு புலப்படும்.

தடை நீங்கியும் காலம் நீண்டது. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1814-இல் மீண்டும் ஏற்பட்டது. வேண்டுகோளை நடத்துவாரே இல்லாத இடைவெளி அது. ஓரியூரிலோ இடைவெளி இல்லை. மண்ணை எடுப்பார் எடுத்துக்கொண்டே இருந்தனர். 1853 ஆகஸ்டு 21-இல் ஒன்பதாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். 1947 ஜூன் 22-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். வெட்டுண்ட நாளிலிருந்து 254 ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தியா விடுதலை பெறுதற்கு இரண்டு மாதங்கூட இல்லாத காலம் அது.

அவ்வாண்டிலேயே லிஸ்பனில் இயேசு சபையார் ஒரு கல்விச்சாலை தொடங்கி அதற்கு அவர் பெயரை இட்டனர். மதுரைப் பக்கத்திலும் பள்ளிகள் அவர் பெயர் தாங்கியுள்ளன. கருமாத்தூரில் 1970-இல் தோன்றிய கல்லூரி அருள் ஆனந்தர் கல்லூரி என்றே வழங்குகின்றது. ஓரியூர் முன்னர் மதுரை மறைமாவட்டத்தில் இருந்து, 1987-இற் சிவகங்கை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தபோது அதனுள் அடங்கிற்று.

செல்ல விரும்பும் குடும்பத்தார்க்கு ஒரு குறிப்பு. மதுரை, சிவகங்கை வழியாக வருவோர் திருவாடானையை அடைந்து அங்கிருந்து ஓரியூர் செல்லுதல் எளிது. பெப்ரவரி 3-ஆம் நாள் மாலையிலேயே சேர்ந்துவிடின் தேர்ப்பவனியையும் மறுநாட் பூசையையும் காணலாம். கடா நேர்ந்தோர் மணலோரத்தில் நிழலுள்ள இடத்தை முன்னரே பிடித்துக்கொள்வர். மண் எடுப்பதற்கு எவரும் தடை சொல்வதில்லை.